நட்பிலே உறுதி, காதலிலே தயக்கம்



கல்லூரிப் பருவத்துப் பிள்ளைகளையுடைய பெற்றோர் அண்மைக் காலமாய் நம்மிடம் கேட்டு வரும் கேள்வி ஒன்றுண்டு. “சுவாமி, பிள்ளைகள் ‘ஃபிரெண்ட்ஸ்’ என்றோர் அமெரிக்க நகைச்சுவைத் தொடரைக் கைப்பேசியிலே ஓயாமல் பார்க்கிறார்கள். முடித்த பிறகு மறுபடியும் முதலிலிருந்து தொடங்குகிறார்கள். அதில் வருகிறவர்கள் இன்று ஒருவரோடு பழகுகிறார்கள். நாளை வேறொருவரோடு போகிறார்கள். இதைப் பார்க்க விடலாமா, நிறுத்தி விடலாமா?” என்பதே அக்கேள்வி. ஒரே சொல்லில் விடையளிப்பது எளிது. ஆனால் பிள்ளைகள் எதைக் கண்டு சிரிக்கிறார்கள், எதை நாடித் திரும்பத் திரும்ப அங்கே போகிறார்கள் என்பதை அறியாமல் நாம் சொல்லும் விடை அவர்கள் செவியில் ஏறாது. ஆகவே இம்மாதம் அத்தொடரையே எடுத்துக்கொண்டு, அதில் கொள்ளத்தக்கது யாது, தள்ளத்தக்கது யாது என்று உங்களோடு அமர்ந்து ஆராய விழைகிறோம்.

அது இன்னதென்று முதலில் அறிவோம். டேவிட் கிரேன், மார்த்தா காஃப்மன் என்னும் இருவர் இத்தொடரை உருவாக்கினர். அமெரிக்க நாட்டின் என்.பி.சி. தொலைக்காட்சி 1994-ஆம் ஆண்டு செப்டம்பர் 22-ஆம் நாள் முதற்பகுதியை ஒளிபரப்பிற்று. 2004-ஆம் ஆண்டு மே 6-ஆம் நாள் இறுதிப்பகுதி வெளிவந்தது. இடைப்பட்ட பத்துப் பருவங்களில் மொத்தம் 236 பகுதிகள். இறுதிப்பகுதியை அமெரிக்காவில் மட்டும் ஏறத்தாழ 5 கோடியே 25 இலட்சம் மக்கள் கண்டனர். கதை நிகழுமிடம் நியூயார்க் மாநகரின் மன்ஹாட்டன் பகுதி. படமாக்கப்பட்டதோ அங்கிருந்து நெடுந்தொலைவிலுள்ள கலிபோர்னியா மாநிலத்துப் பர்பாங்க் நகரில்.

கதை மாந்தர் அறுவர். அனைவரும் இருபத்தைந்து வயதையொட்டிய இளைஞர். மோனிகா சமையற்கலை பயின்றவள். அவள் அண்ணன் ரோஸ், பண்டைக்கால விலங்குகளின் எலும்புகளை ஆராயும் அறிஞன். மனைவி பிரிந்து போனவன். ரேச்சல், மணமேடையில் மாப்பிள்ளையை விட்டுவிட்டு, மணப்பெண் உடையோடு மழையில் நனைந்தபடி பள்ளித் தோழி மோனிகாவைத் தேடி வந்தவள். சாண்ட்லர் அலுவலகத்தில் கணிப்பொறி முன் அமர்ந்து பணி செய்பவன். எதையும் கேலியாக்கி விடுபவன். ஜோயி, இத்தாலிய வழிவந்த குடும்பத்துப் பிள்ளை. வாய்ப்புத் தேடி அலையும் நடிகன். ஃபீபி மசாஜ் தொழில் செய்து பிழைப்பவள். கிதாரை மீட்டித் தானே கட்டிய பாட்டுகளைப் பாடுபவள். இவர்கள் பெரும்பாலும் கூடுமிடங்கள் இரண்டு. ஒன்று, ‘சென்ட்ரல் பெர்க்’ என்னும் காப்பிக்கடையின் நீண்ட இருக்கை. மற்றொன்று, ஊதா வண்ணம் பூசிய மோனிகாவின் வீடு.

இவ்வறுவரின் பெற்றோர் வீடுகளைச் சற்று எட்டிப் பார்த்தால் ஓர் உண்மை புலனாகும். சாண்ட்லர் ஒன்பது வயதுச் சிறுவனாயிருந்தபோது, நன்றியறிதல் திருநாள் விருந்தின்போதே தாயும் தந்தையும் பிரியப் போவதாக அவனிடம் தெரிவித்தனர். அன்று முதல் அத்திருநாளின் உணவை அவன் தொடுவதில்லை. ஃபீபியின் தந்தை குடும்பத்தைக் கைவிட்டுப் போனவர். அவளை வளர்த்த தாய் தற்கொலை செய்துகொண்டாள். ரேச்சலின் பெற்றோர் கதையின் போக்கிலேயே மணமுறிவு பெறுகின்றனர். ஜோயியின் தந்தைக்கு வேறொரு பெண்ணோடு தொடர்பு. ரோஸ், மோனிகா ஆகிய இருவரின் பெற்றோர் மட்டுமே இறுதிவரை ஒன்றாய் வாழ்கின்றனர். வேடிக்கைப் பேச்சுக்களுக்கிடையே இச்செய்திகள் ஒவ்வொன்றாய் உதிர்கின்றன. பார்ப்பவர் சிரித்துவிட்டு மறந்துபோகிறார். ஆயினும் இந்த இளைஞர் ஏன் ஒருவரையொருவர் இவ்வளவு இறுகப் பற்றிக்கொள்கிறார்கள் என்பதற்கு விடை இங்கேதான் இருக்கிறது.

தொலைக்காட்சி நிறுவனத்தாரிடம் தங்கள் கருத்தை முன்வைத்த காலத்திலேயே, இது நண்பர்களே குடும்பமாய் அமையும் ஒரு வாழ்க்கைப் பருவத்தின் கதை என்று கிரேனும் காஃப்மனும் விளக்கினர். பெற்றோர் இல்லத்தை விட்டு வெளியேறியாயிற்று. தனக்கென ஓர் இல்லம் இன்னும் அமையவில்லை. இரண்டுக்கும் நடுவே உள்ள அந்த ஆண்டுகளைக் கடப்பது எங்ஙனம்? இதுவே தொடரின் கேள்வி.

முதற்பருவத்தில் ஒரு நன்றியறிதல் திருநாள் வருகிறது. ஆண்டுதோறும் நவம்பர் மாதத்து நான்காம் வியாழனன்று அமெரிக்கர் குடும்பத்தோடு கூடி வான்கோழி விருந்துண்ணும் நாள் அது. அவ்வாண்டு அறுவரில் ஒருவருக்கும் போக்கிடம் வாய்க்கவில்லை. மோனிகா சமைக்கிறாள். வேடிக்கை பார்க்க மாடிக்கு ஓடியவர்கள், கதவு பூட்டிக்கொள்ள, உள்ளே நுழைய முடியாமல் திகைக்கிறார்கள். விருந்து முழுவதும் கருகிப் போகிறது. முடிவில், பாலாடைக்கட்டி வைத்த ரொட்டித் துண்டுகளைப் பங்கிட்டு உண்கிறார்கள். அந்த ஏழை விருந்திலே அவர்கள் முகத்தில் தோன்றும் நிறைவைக் காணும் நம் பிள்ளைகள் எதற்காக ஏங்குகிறார்கள்? காதல் விளையாட்டுக்காக மட்டும் என்று நாம் கருதவில்லை. தட்டாமலே திறக்கும் கதவு, எந்நேரமும் இடமுள்ள மேசை, தோற்று வந்தாலும் துரத்தாத முகங்கள். இவற்றுக்காகவே பெரிதும் ஏங்குகிறார்கள். நகரத்து விடுதியறையில் தனியே உணவுப் பொட்டலத்தைப் பிரித்து உண்ணும் மகனுக்கு இக்காட்சி எவ்வளவு இனிக்கும் என்று எண்ணிப் பாருங்கள்!

இது நன்மைப் பக்கம். இனி மறுபக்கத்தையும் திருப்பிப் பார்க்கக் கடமைப்பட்டுள்ளோம்.

இத்தொடர் ஏறத்தாழ முந்நூறு பார்வையாளர் முன்னிலையில் நாடகம் போலவே நடித்துப் படமாக்கப்பட்டது. இருபத்திரண்டு நிமிடப் பகுதி ஒன்றைப் பிடிக்க இரவில் வெகுநேரம் ஆகும். ஒரு நகைச்சுவைக்குப் பார்வையாளர் சிரிக்கவில்லையெனில், எழுத்தாளர் அங்கேயே கூடிப் பேசி வேறொரு வரியை எழுதித் தருவர். காட்சி மீண்டும் நடிக்கப்படும். ஆக, சிரிப்பே அங்கு நீதிபதி. சிரிப்பு எழுந்தால் அது நிற்கும், எழாவிடில் நீக்கப்படும். நகைச்சுவைக் கலைக்கு இது நல்ல முறைதான். ஆனால் வாழ்க்கைக்கு இதனை அளவுகோலாகக் கொள்ள முடியுமா?

திருமணத்திற்கு முந்தைய உடலுறவை இத்தொடர் காப்பி அருந்துவதைப்போல் எளிதாகக் காட்டுகிறது. அறுவரோடும் பழகிப் பிரிந்த ஆண்களும் பெண்களும் பத்து ஆண்டுகளில் ஏராளம். ஒரு பகுதியில் வருகிறார்கள். ஏதோவொரு குறைக்காகக் கேலிக்கு ஆளாகிறார்கள். கதவைத் திறந்துகொண்டு வெளியேறுகிறார்கள். அவர்கள் எங்கே போனார்கள்? படப்பிடிப்புக் கருவி அவர்களைப் பின்தொடர்ந்து அவர்கள் வீடு வரை ஒருபோதும் செல்வதில்லை. அறுவர்க்கு ஆறுதல் சொல்ல ஐவர் உண்டு. வெளியே போனவருக்கு யார் உண்டு?

ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். ரோஸ், எமிலி என்னும் ஆங்கிலப் பெண்ணை மணக்க இலண்டன் செல்கிறான். 1998-ஆம் ஆண்டு வெளிவந்த பகுதி அது. உற்றார் உறவினர் சூழ்ந்து நிற்க, மணவாக்குக் கூறும் வேளையில், எமிலியின் பெயருக்குப் பதிலாக முன்னாள் காதலியான ரேச்சலின் பெயரைச் சொல்லிவிடுகிறான். கோடிக்கணக்கானோர் அதைக் கண்டு திகைத்தனர், சிரித்தனர். அதன் பிறகு எமிலி பிடிவாதக்காரியாகவும் சந்தேகக்காரியாகவும் காட்டப்படுகிறாள், மணம் முறிகிறது, ரோஸின் பல மணமுறிவுகளுள் ஒன்றாக எண்ணப்பட்டு அது நிரந்தர வேடிக்கைப் பொருளாகிவிடுகிறது. ஆனால், தன் தாய் தந்தையர் கண்ணெதிரே, தன் திருமண மேடையில், வேறொருத்தியின் பெயரைக் கேட்டு நின்ற பெண் அவளன்றோ? அவள் நம் பங்கைச் சேர்ந்த பெண்ணாயிருந்தால், அவள் தாயோடு சேர்ந்து நாமும் கண்ணீர் விட்டிருப்போம். நாடகத்தில் அவளுக்கு மிஞ்சியது சிரிப்பொலி.

ஆகவே பிள்ளைகளோடு இதைப் பார்க்க நேரிடும் பெற்றோர், “இப்பொழுது வெளியே போன அந்தப் பெண் வீட்டுக்குப் போய் என்ன செய்திருப்பாள்?” என்று ஒருமுறை கேளுங்கள். கண்டிப்பு மொழி வேண்டாம். அந்த ஒரு கேள்வி போதும். நல்ல உள்ளம் படைத்த பிள்ளை அதற்குமேல் தானே சிந்திக்கும்.

ரோஸும் ரேச்சலும் பத்தாண்டுகள் கூடியும் பிரிந்தும் அலைகிற கதை தொடரின் நடுக்கம்பம் போன்றது. 1997-ஆம் ஆண்டு வெளிவந்த பகுதியொன்றில், அவர்கள் பழகத் தொடங்கி ஓராண்டு நிறைந்த நாள் அன்று ரேச்சல் பணியிடத்தில் நேரங்கடந்தும் உழைக்கிறாள். ரோஸ் பொறாமையால் புழுங்குகிறான். வாக்குவாதம் முற்ற, சிறிது காலம் விலகியிருப்போம் என்கிறாள் அவள். அன்றிரவே அவன் ஜெராக்ஸ் கடையில் வேலை செய்யும் ஒரு பெண்ணோடு தங்கிவிடுகிறான். விடிந்ததும் உண்மை வெளிப்படுகிறது. அப்பொழுது தாங்கள் பிரிந்திருந்தோம், ஆகவே தான் துரோகம் செய்யவில்லை என்பது அவன் வாதம். ஏழாண்டுகளுக்கும் மேலாக அவன் இதையே சொல்லிக் கொண்டிருக்கிறான். பார்வையாளரும் இன்றளவும் இரு கட்சியாய்ப் பிரிந்து வழக்காடுகின்றனர்.

நாம் அவ்வழக்கில் தீர்ப்புக் கூற முன்வரவில்லை. அவ்வழக்கு தீராதிருப்பதன் காரணத்தையே காட்ட விரும்புகிறோம். அவர்கள் ஒருவருக்கொருவர் என்ன வாக்களித்திருந்தார்கள்? எதுவும் வாய்விட்டுச் சொல்லப்படவில்லை. கொடுக்கப்படாத வாக்கு மீறப்பட்டதா இல்லையா என்று எந்த நீதிமன்றத்தில் விசாரிக்க இயலும்? இருவருடைய அன்பும் மெய்யானதே, கண்ணீரும் மெய்யானதே. ஆனால் கால் ஊன்ற நிலமில்லை. இன்றைய இளைஞர் ‘பழகிப் பார்க்கிறோம்’ என்று சொல்லும் சொல்லிலே இத்துன்பம் முழுவதும் அடங்கியிருக்கிறது. பழகிப் பார்ப்பவரில் ஒருவர் ஏற்கெனவே வாழத் தொடங்கிவிடுகிறார்; மற்றவர் இன்னும் பார்த்துக்கொண்டே இருக்கிறார்.

அந்தச் சண்டைக் காட்சியில் நாம் மறக்கவியலாத செய்தி இன்னொன்று உண்டு. ரோஸும் ரேச்சலும் கூடத்தில் வாதிட்டுக்கொண்டிருக்க, ஏனைய நால்வரும் மோனிகாவின் படுக்கையறையில் சிக்கிக்கொள்கிறார்கள். வெளியே வரவும் முடியவில்லை, கேட்காதிருக்கவும் முடியவில்லை. பசியோடும் துயரோடும், கதவில் காது பதித்து நள்ளிரவைக் கடந்தும் கிடக்கிறார்கள். பெற்றோரே, நம் வீடுகளில் அக்கதவின் பின்னால் இருப்பவர் யார்? கணவனும் மனைவியும் குரல் உயர்த்தும் இரவுகளில், உறங்குவது போலப் போர்வைக்குள் விழித்திருக்கும் பிள்ளைகள் அல்லரோ? ஒன்பது வயதுச் சாண்ட்லர் அப்படிக் கேட்டவன்தான். வளர்ந்தபின் அவன் ஓயாமல் கேலி பேசுவதற்கும், திருமணம் என்ற சொல்லைக் கேட்டதும் நடுங்குவதற்கும் வேர் அங்கேயே இருக்கிறது.

இந்தச் சாண்ட்லரின் கதையிலேதான் தொடர் தன் மிகச் சிறந்த பகுதியை அடைகிறது என்பது நம் கருத்து. வியப்பு என்னவெனில், அதை எழுத்தாளர்களே முன்கூட்டித் திட்டமிடவில்லை. இலண்டன் பகுதியில் மோனிகாவும் சாண்ட்லரும் இணைவதாக வருவதைச் சிறியதொரு கிளைக்கதையாகவே அவர்கள் எண்ணியிருந்தனர். ஆனால் படப்பிடிப்பைக் காண வந்திருந்த ஆங்கிலேயப் பார்வையாளர் எழுப்பிய பேராரவாரம் நெடுநேரம் அடங்கவில்லை. அதைக் கேட்டபின் கதையின் போக்கையே மாற்றினர். தொடக்கம் ஒழுக்கமானதன்று, அதை நாம் மெச்சவில்லை. எனினும் அங்கிருந்து அவ்விருவரும் நடந்த பாதை கவனிக்கத்தக்கது. அவர்கள் ஒருவரை மட்டும் நம்பி நின்றனர்; 2000-ஆம் ஆண்டு மணவுறுதி செய்தனர்; 2001-ஆம் ஆண்டு மே மாதம் மணந்தனர்.

அம்மணத்திற்கு முந்தைய இரவு, வருந்துவதாக ஒரு குறிப்பை எழுதி வைத்துவிட்டுச் சாண்ட்லர் ஓடிவிடுகிறான். தன் பெற்றோருக்கு நேர்ந்தது தனக்கும் நேரும் என்னும் அச்சம் அவனை விரட்டுகிறது. அப்போது நண்பர்கள் என்ன செய்தார்கள்? “உன் மனம் போல் செய்” என்று வாளாவிருந்தார்களா? இல்லை. தேடிப் புறப்பட்டார்கள். கண்டுபிடித்தார்கள். அடுத்த ஒரு சிறு அடியை மட்டும் எடுத்துவை என்று சொல்லிச் சொல்லி, குளிக்கவும் உடுக்கவும் செய்து, மணமேடை வரை நடத்தி வந்தார்கள். திருமணத்தை நடத்தி வைப்பவனோ ஜோயி! இணையவழியில் சில நிமிடங்களில் குருப்பட்டம் பெற்றுக்கொண்டவன். குருமடத்தில் ஆண்டுக்கணக்காய் இலத்தீனும் இறையியலும் பயின்ற நம் போன்றோர்க்கு இதைக் காணும்போது சற்று வயிற்றெரிச்சலாயிருப்பது இயல்பே! ஆயினும் அவ்விரவில் நண்பர்கள் ஆற்றிய தொண்டு மெய்யான தொண்டு.

இங்கேதான் இத்தொடரின் உள்ளுறை நமக்கு விளங்குகிறது. அறுவரும் நட்பிலே எவ்வாறு நடந்துகொள்கிறார்கள்? சண்டையிட்டாலும் பிரிவதில்லை. ஒருவர் வேலையிழந்தால் மற்றவர் வாடகை கொடுக்கிறார். ஜோயி நடிப்புக்கு எடுத்த படங்களுக்கும் உணவுக்கும் சாண்ட்லர் பல்லாண்டு பணம் செலவிடுகிறான், கணக்குக் கேட்பதில்லை. ஒருவர் குறை மற்றவர்க்கெல்லாம் தெரியும், தெரிந்தும் விலகுவதில்லை. நலத்திலும் நோயிலும், நிறைவிலும் குறைவிலும் உடன் நிற்கிறார்கள். காதலில் கொடுக்க அஞ்சிய வாக்கை நட்பில், சொல்லாமலே நிறைவேற்றிக் கொண்டிருந்தார்கள். பத்தாண்டுகள் நம் பிள்ளைகளை அங்கே கட்டிப்போட்ட இனிமை, கண்ணியமாகப் பெயரிட்டுச் சொன்னால், பிரமாணிக்கம் என்பதே. அவர்கள் கண்டு மகிழ்வது பிரமாணிக்கத்தை. கற்றுக்கொள்வதாக எண்ணுவதோ விளையாட்டுக் காதலை. இவ்வேறுபாட்டை அவர்களுக்கு எடுத்துக் காட்டுவது நம் கடமை.

மணமான பின் மோனிகா, சாண்ட்லர் இருவர்க்கும் குழந்தைப் பேறு வாய்ப்பதரிது என்று மருத்துவர் தெரிவிக்கின்றனர். குறை இருவரிடத்தும் உண்டு. பெண்ணை மட்டும் மலடி என்று பழிக்கும் நம் ஊர் நாக்குகள் இதைக் கேட்கட்டும். இதே தொடரில் ஃபீபி தன் தம்பியின் குழந்தைகளைத் தன் வயிற்றில் சுமந்து பெற்றுக் கொடுக்கும் கதையும் உண்டு. அன்பின் பொருட்டு என்றாலும் திருச்சபை அம்முறையை ஏற்பதில்லை என்பதைப் பிள்ளைகட்குத் தெளிவாய்ச் சொல்லுங்கள். மோனிகாவும் சாண்ட்லரும் தேர்ந்ததோ தத்தெடுக்கும் வழி. ஓஹாயோ மாநிலத்துப் பெண்ணொருத்தி, தன் வயிற்றிலிருக்கும் பிள்ளைக்குப் பெற்றோர் தேடுகிறாள். தாள்கள் மாறிப்போனமையால், கணவன் மருத்துவர் என்றும் மனைவி சபை போதகர் என்றும் நம்பி இவர்களை விரும்புகிறாள். பொய்யாகவே இருக்கட்டும் என்று முதலில் இருவரும் நடிக்கிறார்கள். பின்னர் உண்மையைச் சொல்லிவிடுகிறார்கள். எல்லாம் கைநழுவிய நிலையில், சாண்ட்லர் தனியே சென்று அப்பெண்ணிடம் மன்றாடுகிறான். தன் மனைவி ஏற்கெனவே தாய்தான். அவளிடம் குழந்தை ஒன்றுதான் இல்லை என்கிறான். வாழ்நாள் முழுதும் கேலிக்குப் பின்னால் ஒளிந்தவன், அங்கே ஒரு வேடிக்கை வார்த்தையும் கலவாமல் பேசுகிறான். பிறந்தவை இரட்டைக் குழந்தைகள்.

2004-ஆம் ஆண்டின் இறுதிக் காட்சி பலர் அறிந்ததே. வீடு காலியாகிவிட்டது. அறுவரும் தம்மிடமிருந்த சாவிகளை ஒவ்வொன்றாய் வைத்துவிட்டு, கடைசியாக ஒருமுறை காப்பி அருந்தச் செல்கிறார்கள். இதைத் தொடர்ந்து மேலும் கதை எழுத உருவாக்கியோர் விரும்பவில்லை. அவரவர்க்குக் குடும்பம் அமைந்ததும் நண்பர்களே குடும்பமாயிருந்த அப்பருவம் முடிந்துவிட்டது என்பது அவர்கள் கூறிய காரணம். முடிவுறாத பழக்கத்திலேயே வாழ்நாளைக் கழித்துவிடலாம் என்று இத்தொடரைக் காட்டி வாதாடும் இளைஞர் உண்டெனில், அத்தொடரே அவ்வாறு முடியவில்லை என்பதை அவர்க்கு நினைவூட்டலாம்.

திரைக்கு வெளியிலும் சிலவற்றைக் காண்போம். 1996-ஆம் ஆண்டு ஊதியப் பேச்சு எழுந்தபோது, நடிகருள் சிலர் கூடுதலாகவும் சிலர் குறைவாகவும் பெற்று வந்தனர். அறுவரும் ஒன்றாய் நின்று சம ஊதியம் கேட்டனர். கூடுதலாய்ப் பெற்றவரும் தனியே பேரம் பேச மறுத்தனர். பகுதிக்கு ஆளுக்கு 75,000 டாலர் என்று அப்பொழுது முடிவாயிற்று. கடைசி இரு பருவங்களில் அது 10 இலட்சம் டாலராய் உயர்ந்தது. உடன்பிறந்தார் பாகப் பிரிவினைக்காக வழக்கு மன்றம் ஏறும் காலத்தில் இது சிந்திக்கத்தக்கதன்றோ? குறையும் உண்டு. பல இனத்தார் நிறைந்த நியூயார்க் நகரில் முதன்மை மாந்தர் அனைவரும் வெள்ளையராய் இருந்தது குறித்து எழுந்த கண்டனத்தை மார்த்தா காஃப்மன் 2022-ஆம் ஆண்டு ஏற்று வருந்தினார். தாம் பயின்ற பிராண்டைஸ் பல்கலைக்கழகத்தில் ஆப்பிரிக்க, ஆப்பிரிக்க அமெரிக்கவியல் பேராசிரியர் பதவிக்கென 40 இலட்சம் டாலர் வழங்கினார்.

எல்லாவற்றிலும் நம் நெஞ்சைத் தைப்பது சாண்ட்லராய் நடித்த மாத்யூ பெர்ரியின் வாழ்வு. உலகைச் சிரிக்க வைத்த அந்த ஆண்டுகளிலேயே அவர் மதுவுக்கும் வலிநீக்கி மாத்திரைகளுக்கும் அடிமையாயிருந்தார். மூன்றாம் பருவத்திற்கும் ஆறாம் பருவத்திற்கும் இடைப்பட்ட காலம் தம் நினைவிலேயே இல்லை என்று பின்னாளில் கூறினார். பார்வையாளர் சிரிக்காத இரவுகளில் தாம் செத்துவிடுவது போல் தவித்ததாக 2021-ஆம் ஆண்டு அறுவரும் மீண்டும் கூடிய நிகழ்ச்சியில் வெளிப்படுத்தினார். காயமுற்ற பென்குவின் பறவையை ஏனைய பறவைகள் சூழ்ந்து நின்று தாங்கி நடத்துவதுபோல், உடன் நடித்த ஐவரும் தம்மைத் தாங்கினர் என்றும் நன்றியோடு சொன்னார். குடிப்பழக்கத்திலிருந்து மீள்வோர் தங்குவதற்கெனத் தம் கடற்கரை வீட்டையே ஒருகாலத்தில் இல்லமாக்கினார். தாம் இறந்தபின் இத்தொடருக்காக அன்றி, பிறர்க்கு உதவியமைக்காகவே முதலில் நினைக்கப்பட வேண்டும் என்பது அவர் விருப்பம். 2023-ஆம் ஆண்டு அக்டோபர் 28-ஆம் நாள், 54-ஆம் வயதில் காலமானார். கெட்டமைன் என்னும் மருந்தின் கடும் விளைவே முதற்காரணம் என்று மருத்துவ விசாரணை அறிவித்தது. ஐவரும் கூட்டாக இரங்கல் அறிக்கை விடுத்து, தாங்கள் ஒரே குடும்பம் என்று குறித்தனர்.

நண்பர்கள் தாங்கினார்கள், ஆயினும் காப்பாற்ற முடியவில்லை. ஆகையால் தாங்கியது வீண் என்று யாரும் எண்ண வேண்டாம். இருபது ஆண்டுகளுக்கு மேல் அவர் போராட முடிந்ததில் அந்தத் தோள்களுக்கும் பங்குண்டு. நம் பங்கில் குடியினால் தள்ளாடும் குடும்பத் தலைவர்கள் எத்தனை பேர்! கலகலப்பாய்ப் பேசுகிறவன் நலமாயிருக்கிறான் என்று முடிவுகட்டாதீர்கள். கூட்டத்தில் எல்லாரையும் சிரிக்க வைத்துவிட்டு வீடு திரும்புகிறவனிடம், “நீ எப்படியிருக்கிறாய்?” என்று தனியே கேட்பவனே நண்பன்.

இனி, கேள்விக்கு வருவோம். பார்க்க விடலாமா? வயது வராத சிறுவர்க்கு இது ஏற்றதன்று, அதில் ஐயமில்லை. வளர்ந்த பிள்ளைகளிடமிருந்து கைப்பேசியைப் பறிப்பதால் பயன் விளையாது. ஒரு மாலை அவர்கள் அருகே அமர்ந்து நீங்களும் பாருங்கள். சிரிப்பு வந்தால் சிரியுங்கள். மாறுபடும் இடத்தில் மாறுபாட்டைச் சொல்லுங்கள். பிறகு, திரையில் உள்ள அந்த வீட்டுக்கும் நம் வீட்டுக்கும் உள்ள வேற்றுமையைச் சிந்தியுங்கள். மகன் தோற்று வந்த நாளில் நம் கதவு எப்படித் திறக்கிறது? மகள் மனத்திலுள்ளதைச் சொல்ல வாயெடுத்தால், முழுவதும் கேட்டு முடிக்கிறோமா? நம் மேசையில் அவள் தோழிக்கு ஒரு கவளம் சோறு உண்டா? அங்கே கிடைப்பது இங்கே கிடைக்குமாயின், திரையின் கவர்ச்சி பாதியாகிவிடும்.

மணமக்களுக்குச் சாட்சி நிற்போர்க்கும் ஒரு விண்ணப்பம். நம் கோயிலில் மூன்று முறை ஓலை வாசிக்கிறோம். மணவாக்கு இருவர்க்குள் முடியும் இரகசியமன்று, ஊரார் அனைவரும் காக்க வேண்டிய பொருள் என்பதே அதன் கருத்து. ஏட்டில் சாட்சிக் கையெழுத்து இட்டவர்கள், விருந்துண்டு புறப்பட்டதோடு தம் வேலை தீர்ந்ததாகக் கருதுகிறார்கள். ஆண்டுக்கு ஒருமுறையேனும் அத்தம்பதிகளின் வீட்டுக்குச் செல்லுங்கள். மனத்தாங்கல் என்று கேள்விப்பட்டால் உடனே செல்லுங்கள். ஓடிப்போக நினைக்கும் கணவனையும், பெட்டியைக் கட்டி வைத்திருக்கும் மனைவியையும் தேடிச் சென்று, அடுத்த ஓரடியை எடுத்துவைக்கத் துணை நில்லுங்கள். அன்று நீங்கள் இட்ட கையெழுத்தின் பொருள் அதுவே.

உங்கள் இல்லங்களில் அமைதியும் சிரிப்பும் நிலைப்பதாக. அடுத்த மாதம் சந்திப்போம்.